ஸிஃப்பீன் களத்தின் அணிகளும் தளபதிகளும்



ஹிஜ்ரி 35-ஆம் (கி.பி. 656) ஆண்டில் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் ஷஹீதாக்கப்பட்டார்கள். கொலையாளிகள் மீது முதலில் கிஸாஸ் நிறைவேற்றப்பட வேண்டும் என்றார்கள் ஷாம் தேசத்தின் ஆளுநர் முஆவியா (ரலி) அவர்கள். முதலில் அனைவரும் பைஅத் செய்து ஆட்சி நிலைபெறட்டும், பிறகு விசாரணை நடக்கட்டும் என்றார்கள் கலீஃபா அலீ (ரலி) அவர்கள். இரு சாராரும் நீதியையே கோரினார்கள். எது முந்தியது என்பதில் எழுந்த பிளவு, ஹிஜ்ரி 37 ஸஃபர் (கி.பி. 657) மாதத்தில் அவர்களை ஃபுராத் நதிக்கரையில், ரக்கா நகருக்கு அருகிலுள்ள ஸிஃப்பீனில் எதிரெதிரே நிறுத்தியது.

அலீ (ரலி) அவர்களின் படையில் கூஃபாவின் குதிரைப்படைக்கு மாலிக் அல்அஷ்தர் தலைமை ஏற்றார். பஸராவின் குதிரைப்படை பத்ரு ஸஹாபியான ஸஹ்ல் பின் ஹுனைஃப் (ரலி) அவர்களிடம் இருந்தது. கூஃபாவின் காலாட்படைக்கு அம்மார் பின் யாஸிர் (ரலி) அவர்களும், பஸராவின் காலாட்படைக்கு கைஸ் பின் ஸஅத் (ரலி) அவர்களும் தளபதிகள். கொடியை ஏந்தியவர் ஹாஷிம் பின் உத்பா (ரலி). எதிரணியில் அம்ரு பின் ஆஸ் (ரலி) அவர்கள் திமிஷ்க் குதிரைப்படையை நடத்தினார்கள். வலப்புறத்தில் துல்கலாஉ அல்ஹிம்யரீ, இடப்புறத்தில் ஹபீப் பின் மஸ்லமா, முன்னணியில் அபுல் அஃவர் ஆகியோர் நின்றார்கள்.

இந்த அணிவகுப்பில் நெஞ்சை உருக்கும் செய்தி ஒன்று உண்டு. அக்காலப் படைகள் கோத்திரம் கோத்திரமாகவே அமைந்திருந்தன. இராக்கின் அஸ்து கோத்திரத்தார் ஷாமின் அஸ்து கோத்திரத்தாரையும், இராக்கின் கஸ்அம் கோத்திரத்தார் ஷாமின் கஸ்அம் கோத்திரத்தாரையும் எதிர்கொள்ளுமாறு நிறுத்தப்பட்டார்கள். வாளை ஓங்கியவனுக்கு, எதிரே நிற்பவன் தன் பாட்டனாரின் வழித்தோன்றல் என்பது தெரிந்தே இருந்தது!

ஆயினும் அக்களத்தில் மனிதநேயம் மடிந்துவிடவில்லை. தொடக்கத்தில் ஷாம் படையினர் நீர்த்துறையைக் கைப்பற்றித் தடுத்தனர். போரிட்டு அதை மீட்டபின், எதிரிக்கும் நீரைத் தடுக்கலாகாது என்றார்கள் அலீ (ரலி) அவர்கள். இரு படையினரும் ஒரே துறையில் நீர் அருந்தினர். நாமாகப் போரைத் தொடங்கக் கூடாது, புறமுதுகிட்டு ஓடுபவரையும் காயமுற்று வீழ்ந்தவரையும் கொல்லக் கூடாது, பெண்களுக்குத் தீங்கிழைக்கக் கூடாது என்றும் தம் படைக்குக் கட்டளையிட்டார்கள். முஹர்ரம் மாதம் முழுவதும் போர் நிறுத்தப்பட்டுத் தூதர்கள் சமாதானம் பேசினார்கள். பலன் கிட்டவில்லை.

மஸ்ஜிதுந் நபவீ கட்டப்பட்டபோது மற்றவர்கள் ஒவ்வொரு கல்லாகச் சுமக்க, இரண்டிரண்டாகச் சுமந்தவர் அம்மார் (ரலி). வரம்பு மீறும் ஒரு கூட்டத்தார் அவரைக் கொல்வார்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அன்றே முன்னறிவித்தார்கள். 90 வயதைக் கடந்த அம்முதியவர் இக்களத்தில் ஷஹீதானார். கொடி ஏந்திய ஹாஷிம் (ரலி) அவர்களும், எதிரணியின் துல்கலாஉவும் இங்கேயே மடிந்தனர்.

விடிய விடியப் போர் நீடித்த இரவுக்குப் பின், ஷாம் படையினர் ஈட்டி முனைகளில் முஸ்ஹஃபுகளை உயர்த்தினர். வெற்றியை நெருங்கியிருந்த அஷ்தர் திருப்பி அழைக்கப்பட்டார். அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி), அம்ரு பின் ஆஸ் (ரலி) ஆகிய இருவரும் நடுவர்களாயினர். அந்த உடன்பாட்டை எதிர்த்து அலீ (ரலி) அவர்களின் படையிலிருந்தே காரிஜிய்யாக்கள் பிரிந்தார்கள். அவர்களில் ஒருவனான இப்னு முல்ஜமின் வாளுக்கே ஹிஜ்ரி 40-இல் அலீ (ரலி) அவர்கள் இரையானார்கள். ஒரு பிளவு மறு பிளவை ஈன்றது.

சகோதரர்களே! போரிடும் இரு பிரிவினரையும் முஃமின்கள் என்றே ஹுஜுராத் அத்தியாயத்தின் 9-ஆம் வசனம் அழைக்கிறது. அவர்களிடையே சமாதானம் செய்யுமாறு மற்றவர்களை ஏவுகிறது. ஆகவே அந்த ஸஹாபாக்களைக் குறித்து நம் நாவைக் காப்போம். சொத்துப் பங்கீட்டிலும் ஜமாஅத் நிர்வாகத்திலும் சகோதரனுக்கு எதிரே சகோதரன் அணிவகுக்கும்போது, எந்த அணியில் சேர்வது என்று தேடாமல், இரு அணிகளுக்கும் இடையே சென்று நிற்போம். நீர்த்துறை இரு சாராருக்கும் திறந்திருந்ததுபோல், ஸலாமின் வாசலையேனும் அடைக்காதிருப்போம்.

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களை ஒன்றிணைப்பானாக! ஆமீன்.