முகவரி யார் கையில்?

2021 பெப்ரவரி 6, சனிக்கிழமை. இலங்கையில் 'கூகுள்.எல்கே' என்று தட்டியவர்களுக்கு அன்று கூகுள் வரவில்லை. தேயிலை மண்ணின் மக்கள் படும் பாடு, பத்திரிகைச் சுதந்திரம், ஊழல், சிறுபான்மையினர் பிரச்சினை ஆகியவற்றைப் பேசும் வேறொரு பக்கம் வந்து நின்றது. கூகுளின் கணினி எதுவும் உடைபடவில்லை. எல்கே என முடியும் பெயர்களைப் பதிந்து வைக்கும் பதிவகத்தில் சில முகவரிகளை யாரோ மாற்றியிருந்தார்கள். சில மணி நேரத்தில் அவை மீட்கப்பட்டன.

முதல் நாள்தான் மலையகத்தில் ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டு அடையாள வேலைநிறுத்தம் நடந்திருந்தது. மார்ச் மாதம் அந்த ஆயிரம் வர்த்தமானியில் ஏறியது. ஊடுருவலால் வந்ததல்ல அது. தோட்டங்களில் நெடுங்காலம் நடந்த போராட்டத்தால் வந்தது. ஊடுருவியவரின் நோக்கத்தைப் போற்றவும் நான் வரவில்லை. என்னை உறுத்தியது வேறு. முகவரியைப் பிறர் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதைத் தோட்டத்து மக்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை.

எல்ல, தெமோதரை, நமுனுகுல, பண்டாரவளை என ஊவாவின் எந்தத் தோட்டத்தை எடுத்தாலும் லயத்துக் கதவுக்கென்று தனி முகவரி இருந்ததில்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து எப்போது, யார் கையில் வந்து சேரும் என்பது அலுவலகத்தின் தயவு. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு நாள் கடந்து கிடைத்ததென்ற குறை மலையகத்தில் பழைய பாட்டு.

பெயரின் கதை இன்னும் கசப்பானது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கிற்று. 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டப்படி தேசிய அடையாள அட்டை குடிமக்களுக்கே உரியது. ஆகவே அட்டையும் இல்லை. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 1988இன் சட்டம், இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எனப் பறிபோன ஒன்றை மீட்க 55 ஆண்டுகள் ஆயின. (இதைக் 'கணக்கு மீட்பு' என்று சொன்னால் சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும்.)

இன்று ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண வரும் வெளிநாட்டவரை நம்பி எல்லவில் வழிகாட்டியாகவும் முச்சக்கரவண்டிச் சாரதியாகவும் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பிழைக்கிறார்கள். வாட்ஸ்அப்பும் முகநூலும்தான் அவர்களுடைய கடை. கணக்குப் பறிபோனால் வருமானமும் போகும்.

மீட்கப் புகும்போது பழைய வரலாறு குறுக்கே நிற்கிறது. கணக்கில் செல்லப்பெயர், அட்டையில் எழுதுநர் தம் விருப்பப்படி எழுதிய பெயர். அடையாளம் காட்டச் சொன்னால் முகநூல் இரண்டையும் ஒப்பிடும். சிம் அட்டையோ மாமா பெயரில். தொலைந்த சிம்முக்கு மாற்று வேண்டுமெனில் மாமாவே தம் அடையாள அட்டையுடன் வரவேண்டும். ஆகவே முதல் வேலை, சிம்மைத் தன் பெயருக்கு மாற்றுவது. பிறகு மின்னஞ்சலுக்கும் முகநூலுக்கும் வெவ்வேறு கடவுச்சொல்லும் இருபடிச் சரிபார்ப்பும். மின்னஞ்சல் போனால் மற்ற எல்லாம் அதன் பின்னால் போகும்.

வாட்ஸ்அப் போனால், அதே எண்ணைத் திரும்பப் பதிந்து குறுஞ்செய்தியில் வரும் ஆறிலக்க எண்ணை இட்டால் திருடன் வெளியேற்றப்படுவான். அவன் இரகசிய எண் ஒன்றை வைத்துவிட்டிருந்தால் 7 நாள் காத்திருக்க நேரிடும். ஆயினும் அந்நாட்களில் அவனாலும் உள்ளே வர இயலாது. அந்த ஆறிலக்கத்தை எவர் கேட்டாலும், தெரிந்தவர் எண்ணிலிருந்தே கேட்டாலும், சொல்லலாகாது. பெரும்பாலான திருட்டுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் பொலிஸில் முறையிடலாம். அதற்கு முன்பே, உங்கள் பெயரில் பணம் கேட்டுச் செய்தி போகிறதென்று உறவுகளுக்கு வாயால் சொல்லி அனுப்புங்கள். லயத்தில் அது தோட்ட அலுவலகத்துக் கடிதத்தைவிட விரைவாகப் போய்ச் சேரும்.