சுனாமி முன்னெச்சரிக்கை: தென்கேரளக் கடலோரத்தினர் அறிய வேண்டியவை

திருவனந்தபுரம்: கோவளம், விழிஞ்ஞம் செல்லும் நகரப் பேருந்துகள் கிழக்கேகோட்டையிலிருந்தே புறப்படுகின்றன. சாலைக் கடைவீதித் தமிழ் வணிகர்கள் முதல் பத்மநாபசுவாமி கோயிலுக்கு வரும் வெளியூர்ப் பக்தர்கள் வரை பலரும் மாலையில் செல்வது சங்குமுகம் கடற்கரைக்கு. எனவே சுனாமி எச்சரிக்கை என்பது மீனவர்களுக்கு மட்டும் உரிய செய்தி அன்று.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே 9.1 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டபோது இந்திய நேரம் காலை 6.30 மணியை நெருங்கியிருந்தது. அலைகள் இலங்கையைச் சுற்றி வளைந்து, கொல்லம் மாவட்டத்தின் ஆலப்பாடு, ஆலப்புழை மாவட்டத்தின் ஆறாட்டுப்புழை ஆகிய கிராமங்களை நண்பகலை ஒட்டித் தாக்கின. நாகப்பட்டினமும் சென்னையும் அதற்குச் சில மணி நேரம் முன்பே பாதிக்கப்பட்டிருந்தன. அவ்வளவு அவகாசம் இருந்தும், அதைப் பயன்படுத்தும் ஏற்பாடு அன்று இல்லை. கேரளத்தில் 150-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இதன் பின்னர், 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. நில அதிர்வுப் பதிவுகள், ஆழ்கடல் அழுத்தமானிகள், கடலோர அலைமானிகள் ஆகியவற்றின் தரவுகளைக் கொண்டு அம்மையம் எச்சரிக்கை விடுக்கிறது. ‘வார்னிங்’ எனில் உடனே கரையை விட்டு வெளியேற வேண்டும். ‘அலர்ட்’ எனில் கடற்கரையையும் தாழ்வான பகுதிகளையும் தவிர்க்க வேண்டும். ‘வாட்ச்’ எனில் அடுத்த அறிவிப்பைக் கவனிக்க வேண்டும்.

2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலம் அதிர்ந்தது. எச்சரிக்கை விடுக்கப்பட்டு, பெரிய அலை எழாததால் பின்னர் விலக்கப்பட்டது. கடலடித் தட்டுகள் மேலெழாமல் பக்கவாட்டில் நகர்ந்ததே காரணம். இதை வீண் பீதி எனக் கருதுவது பிழை.

மேற்குக் கரைக்கு மற்றோர் அபாயம் பாகிஸ்தான், ஈரான் கடலோரத்தை ஒட்டிய மக்ரான் பகுதி. 1945 நவம்பரில் அங்கு எழுந்த சுனாமி மும்பை வரை எட்டியது. அத்தகைய தொலைதூர நிலநடுக்கம் திருவனந்தபுரத்தில் உணரப்படாமலே போகலாம். ஆகவே அதிகாரபூர்வ அறிவிப்பே முதன்மையான அறிகுறி. கடல் திடீரென உள்வாங்கினால் அதற்கும் காத்திராமல் மேட்டுப்பகுதிக்குச் செல்ல வேண்டும். முதல் அலை வடிந்ததும் திரும்பக் கூடாது. அடுத்தடுத்த அலைகள் அதைவிடப் பெரியவையாக இருக்கக்கூடும்.

இக்கரையில் அடிக்கடி நிகழும் ‘கள்ளக்கடல்’ வேறு. தெற்கு இந்தியப் பெருங்கடலின் புயற்காற்று எழுப்பும் நெடிய அலைகளே அவை; நிலநடுக்கத்துடன் தொடர்பற்றவை. 2024 மார்ச் 31 அன்று திருவனந்தபுரம் கடலோர வீடுகளுக்குள் நீர் புகுந்தது இதனால்தான். இதற்கான எச்சரிக்கையையும் ஹைதராபாத்தில் உள்ள அதே தேசியக் கடல்சார் தகவல் சேவை நிறுவனமே வெளியிடுகிறது.