பேருந்தின் நீர்க்கூடு

தமிழகத்தினின்று ஹைதராபாத்தில் வந்து குடியேறிய நாம், குஷாய்குடா பணிமனையினின்று புறப்படும் பேருந்துகளில் ஏறி இறங்குகிறோம். 1932-இல் நிஜாம் அரசு ரயில்வே 27 வண்டிகளுடன் இந்நகரில் தொடங்கிய தொழில் அது. அவ்வரலாற்றைக் கூறுவோர் எஞ்சினைப் போற்றுவர். அதன் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டரை மறந்துவிடுவர்.

1886-இல் கார்ல் பென்ஸ் இயற்றிய வண்டியில் நீர் கொதித்து ஆவியாகியே சூட்டைப் போக்கிற்று. வழியெல்லாம் நீர் ஊற்ற வேண்டும். 1900-இல் வில்ஹெல்ம் மேபாக் மெர்சிடிஸ் வண்டிக்குத் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். காற்றுப் புகும் 8,070 சிறு குழாய்கள். அவற்றின் இடுக்குகளில் ஓடிய 9 லிட்டர் நீரே போதியதாயிற்று. பின்னர் நீரே மெல்லிய குழாய்களில் ஓடும் அமைப்புப் பரவிற்று.

வழி குறுகவே அலட்சியத்தின் விலை ஏறிற்று. கிணற்று நீரின் உப்புப் படிந்து குழாய் அடைபட்டால், எஞ்சினின் தலைப்பகுதியே வளைந்துபோம்.

பழுது பார்ப்போரின் கருவிகளோ மிக எளியவை. ஊதுவிளக்கால் சூடேற்றி மேல்தொட்டியைப் பிரிப்பர். தட்டைக் கம்பியைக் குழாய்தோறும் செலுத்திப் படிவை நீக்குவர். காரீயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசால் மீண்டும் இணைப்பர். பின்பு வாய்களை அடைத்து, காற்றேற்றி, நீர்த்தொட்டியில் அமிழ்த்துவர். குமிழி எழும் இடமே ஓட்டை! நம் ஊர்த் தெருக்களில் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசியவரின் கைத்திறனுக்கு இஃது உடன்பிறப்பு எனலாம்.

செம்பும் பித்தளையுமாக இருந்தவரை இது கைகூடிற்று. 1970-களுக்குப் பின் அலுமினியக் கூடும் பிளாஸ்டிக் தொட்டியும் பரவின. எடை குறைந்தது, மெய்தான்; ஆயின் பழைய பற்றாசு அலுமினியத்தில் எளிதில் ஒட்டுவதில்லை. பெரும்பாலும் பழையதைக் கழற்றி எறிந்து புதியதையே மாட்டுகின்றனர்.