விலாசமா? வேலியா?

"எந்தப் பக்கம், தம்பி?"

வழி விசாரிக்கும் கேள்வி போலத்தான் காதில் விழுகிறது. ஆனால், தோழர்களே, நம் நாட்டுச் சிற்றூர்களிலே இக்கேள்வி இருப்பிடத்தை அறிய எழுவதன்று. பிறப்பை அறிய எழுவது! "ஊர்ப் பக்கமா, காலனிப் பக்கமா?" என்பதே அதன் உட்பொருள். ஒரே சொல்லில் விடை கிடைத்துவிடும். கிடைத்ததும், எந்தத் திண்ணையில் அமர வைப்பது, எந்தப் பாத்திரத்தில் நீர் தருவது என்னும் ஏனைய கேள்விகளுக்குக் கேட்டவர் தாமே விடை கண்டுகொள்வார்.

விலாசம் எதற்காக? ஒருவர் எங்கே இருக்கிறார் என்று சொல்வதற்காக. நம் விலாசமோ அவர் யார் என்று சொல்கிறது. எங்கே என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறது. இவ்விந்தை விளைந்த வகையை வரலாற்றின் துணைகொண்டு சற்றே ஆராய்வோம்.

சவ்வாது மலையை ஒட்டிய ஆலங்காயத்தை எடுத்துக்கொள்வோம். வாணியம்பாடி சாலை, திருப்பத்தூர் சாலை, காவலூர் சாலை என்று மக்கள் சொல்கிறார்கள். எவ்வளவு நேர்மையான பெயர்கள்! எங்கே போகிறதோ அதுவே சாலைக்குப் பெயர். மலைமீது ஏறினால் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு. நிலத்துக்கு நிலத்தின் பெயர்! அரசாணை பிறப்பித்து வைத்த பெயர்களல்ல. நடந்து நடந்து மக்கள் வைத்தவை. சாலை இப்படிக் கண்ணியமாகப் பெயர் தாங்கி வருகிறது. ஆனால், தமிழ்நாட்டின் எந்த மூலையிலும், அச்சாலையை விட்டிறங்கித் தெருவுக்குள் நுழைந்து பாருங்கள். தெருவின் பெயர் திடீரென்று திசையை விட்டுவிட்டுச் சாதியைப் பேசத் தொடங்குகிறது. இன்னார் தெரு, இன்னார் வீதி, அப்பால் ஒரு காலனி. சாலைக்கு வராத நோய் தெருவுக்கு ஏன் வந்தது? சாலை எல்லோரும் நடப்பது. தெரு சிலரை நடக்கவிடாதது. காரணம் அதுவே.

சேரி என்ற சொல்லின் கதையைக் கேளுங்கள். காஞ்சிக்கு அருகே உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்ட அவ்வூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைக்குச் சான்றாகக் காட்டி, ஆயிரம் ஆண்டுக்கு முன்பே சனநாயகம் கண்ட நாடு என்று மேடைதோறும் முழங்குவோர் உண்டு. அதே கல்வெட்டிலே பன்னிரண்டு சேரிகள் பேசப்படுகின்றன. அச்சேரிகளில் குடியிருந்தோர் யார்? சதுர்வேதிமங்கலத்துப் பார்ப்பனர்! வேதம் ஓதினால்தான் வாரியத்தில் இடம் என்று விதி வகுத்த சபையார், தாம் வாழ்ந்த இடத்தைச் சேரி என்றே குறித்தனர். சேர்ந்து வாழும் இடம் சேரி, அவ்வளவே பொருள்.

ஒரு நூற்றாண்டு கடந்து, இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுக்கு வருவோம். கோவிலுக்கு விடப்பட்ட ஊர்களில் வரி நீங்கிய நிலங்களின் பட்டியல் அதிலே இருக்கிறது. ஊர் நத்தம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, போதாக்குறைக்குத் தீண்டாச்சேரி! வான்முட்டும் விமானத்தின் அடிக்கல்லிலே வேலியையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். விமானத்தைப் பார்த்து வியப்பவர்கள் சற்றே குனிந்து எழுத்தையும் படிக்கலாம். ஊர் என்பது ஒன்று, சேரி என்பது மற்றொன்று என்ற பிரிவு அரசாங்கக் கணக்கிலேயே ஏறிவிட்டது. வெள்ளையர் காலத்து நில அளவையிலும் ஊர் நத்தம் வேறு, சேரி நத்தம் வேறு என்றே வந்தது. மன்னர் போயினர், கும்பினி போயிற்று, கணக்குப்பிள்ளையின் கோடு மட்டும் போகவில்லை!

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் அளித்த அறிக்கையை நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். ஒடுக்கப்பட்டோருக்கு உழ நிலமில்லை; குடியிருக்கும் மனையும் அவர்கள் கையில் உறுதியாக இல்லை என்று அவர் எழுதினார். பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அவ்வறிக்கையின் விளைவாக 1892இல் பிறந்தது. பின்னர் 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை அரசு தொழிலாளர் துறையை அமைத்து, ஒடுக்கப்பட்டோருக்கு மனை வாங்கித் தரும் வேலையையும் அதனிடம் விட்டது. நல்ல வேலை, நன்றியோடு நினைக்கத்தக்க வேலை. ஆனால் அரசு வாங்கித் தந்த மனைகள் பெரும்பாலும் எங்கே அமைந்தன? ஊருக்கு வெளியே! அப்படி அமைந்த குடியிருப்புகளுக்குக் காலனி என்ற ஆங்கிலச் சொல் வந்து ஒட்டிக்கொண்டது.

சென்னையிலே ரயில்வே காலனி என்றால் மதிப்பு; அதிகாரிகள் காலனி என்றால் அதைவிட மதிப்பு. அதே சொல் கிராமத்துக்கு வந்ததும் இழிவு! சேரிக்கு நேர்ந்தது காலனிக்கும் நேர்ந்தது. பார்ப்பனர் வாயில் பெருமையாக இருந்த சொல்லும், அதிகாரி வாயில் பெருமையாக இருந்த சொல்லும், வேலிக்கு அப்பால் விழுந்ததும் கறைபட்டுப் போயின. குற்றம் சொல்லில் இல்லை. இதை மறவாதிருங்கள்; பின்னே தேவைப்படும்.

பெயருக்கு முன்னே நடைக்கே போராட வேண்டியிருந்த காலமும் உண்டு. 1924இல் வைக்கத்திலே கோவிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறை சென்றார். அதே 1924இல் சென்னைச் சட்டமன்றத்திலே இரட்டைமலை சீனிவாசன், பொதுச்சாலையும் தெருவும் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவந்து வென்றார். ஐந்தாண்டு கழித்து, 1929 பிப்ரவரியில், செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னே தொங்கும் சாதி வாலை அறுக்கச் சொன்னது. மனிதன் பெயரில் இருந்த வால் அறுந்தது. தெருவின் பெயரில் இருந்த வால் அறுபடாமலே நின்றது. இன்று ஓர் இளைஞன் தன் பெயருக்குப் பின்னே சாதியைப் போட நாணுகிறான். ஆனால் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் முகவரி என்ற கட்டத்திலே, பத்து வயதுப் பிள்ளை அதைத் தன் கையாலேயே எழுதித் தருகிறது!

இனி எண்ணைப் பற்றி. வீட்டுக்கு எண் போடுவது மக்கள் வசதிக்காகத் தோன்றிய வழக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். 1770இல் ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரசா வீடுகளுக்கு எண் இட்டது, படைக்கு ஆள் பிடிப்பதற்காக. ஆயினும் அந்த எண்ணிலே ஒரு புரட்சியும் ஒளிந்திருந்தது. பிரபுவின் மாளிகையும் ஏழையின் குடிசையும் ஒரே வரிசையில் அடுத்தடுத்த எண் பெற்றன! 1805இல் நெப்போலியனின் பாரிஸ், தெருவின் ஒரு புறம் ஒற்றைப்படை, மறுபுறம் இரட்டைப்படை என்ற முறையைக் கொண்டது. உலகம் அதையே பின்பற்றிற்று.

நம் ஊராட்சிகளிலே கதவெண், வீட்டு வரியின் நிழலாக வந்தது. வரி போட்ட வரிசையே எண்ணின் வரிசை. 2/147க்கும் 2/148க்கும் நடுவே அரை மைல் இருக்கலாம். நடுவிலே புது வீடு எழுந்தால் 'அ' என்றோ 'பி' என்றோ ஒட்டுப் போடுவார்கள். புறம்போக்கில் குடிசை போட்டவனுக்கோ எண் கிடைப்பதே பெரும்பாடு. வரி வாங்க உதவும் எண், வழி காட்ட உதவவில்லை.

"கடிதம் வந்து சேர்கிறதே, பிறகென்ன?" என்று கேட்பர் சிலர். அஞ்சல்காரர் ஆண்டுக்கணக்காக அதே வழியில் வருபவர். எண்ணே இல்லாவிட்டாலும் ஆளை அறிவார். 1972 ஆகஸ்டில் வந்த அஞ்சல் குறியீட்டு எண்ணும் 635701 என்று ஆலங்காயம் வரை கொண்டுவந்து விட்டுவிடும். ஆனால் நள்ளிரவில் வரும் அவசர ஊர்தியின் ஓட்டுநர் யாரை அறிவார்?

1937இல் இலண்டனில் 999. 1968 பிப்ரவரியில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துச் சிற்றூராகிய ஹேலிவில்லில் 911. ஆபத்துக்கு ஓர் எண் என்ற எண்ணம் பரவியதும், அமெரிக்க நாட்டுப்புறத்தின் குறைபாடு வெளிப்பட்டது. அங்கும் பல சாலைகளுக்குப் பெயரில்லை. அஞ்சல்வழி எண்ணும் பெட்டி எண்ணும்தான் விலாசம். உதவி கேட்டவன் இருக்குமிடம் தெரியாமல் ஊர்திகள் அலைந்தன. ஆகவே சாலைதோறும் பெயர், வீடுதோறும் எண் என்ற வேலையைத் தொடங்கினார்கள். அவர்கள் வைத்துக்கொண்ட விதிகளில் தலையாயது: ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு சாலைகளுக்கு ஒரே பெயர் கூடாது, ஒலியிலே ஒத்த பெயரும் கூடாது.

இவ்விதியை நம் நாட்டின்மேல் வைத்துப் பாருங்கள்! 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 வந்தது. எத்தனையோ உயிர்களைக் காத்த அரிய திட்டம். நெஞ்சுவலி கண்டவரின் மகள் அந்த எண்ணை அழுத்துகிறாள். "எந்த இடம், அம்மா?" "காலனி, ஐயா!" ஒரே ஒன்றியத்திலே எத்தனை காலனிகள்! எந்தக் காலனி என்று தெரியாமல் ஊர்தி கூட்டுரோட்டிலே நிற்கிறது. ஓட்டுநர் இறங்கித் தேநீர்க் கடையில் கேட்கிறார். அங்கே மீண்டும் அதே பழைய கேள்வி எழுகிறது: எந்தப் பக்கம்? உயிர் ஊசலாடும் வேளையிலும் சாதியைச் சொல்லித்தான் மருத்துவம் பெற வேண்டுமென்றால், அந்த விலாசம் இழிவு மட்டுமா? உதவாக்கரையும் ஆகும்! சாதிப் பெயரை நீக்கச் சொல்லும் நம்மை உணர்ச்சிவசப்பட்டவர்கள் என்பாரிடம் இதைத்தான் கேட்க வேண்டும்: விலாசத்தின் ஒரே வேலையைக்கூடச் செய்யாத விலாசத்தை ஏன் கட்டிக்காக்கிறீர்கள்?

மலையில் நிலைமை இன்னும் கொடிது. ஆலங்காயம் ஒன்றியத்தைச் சேர்ந்த நெக்னாமலையிலிருந்து, சாலையில்லாத காரணத்தால் நோயாளியையும் பிணத்தையும் டோலி கட்டித் தூக்கி இறங்கிய செய்தியை நாளேடுகள் பலமுறை வெளியிட்டன. ஆலங்காயத்தை அடுத்த காவலூரிலோ வானாய்வகம் இருக்கிறது. 1988இல் அங்கிருந்து கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்றுக்கு 4130 என்ற எண்ணும், கணித மேதை இராமானுசன் பெயரும் சூட்டப்பட்டன. கோடிக்கணக்கான கல் தொலைவில் சுழலும் பாறைக்கு எண்ணும் பெயரும் தந்து, அது இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் இருக்கும் என்று சொல்ல வல்லது அறிவியல். அத்தொலைநோக்கியின் அடியிலே வாழ்பவன் எங்கே இருக்கிறான் என்பதைச் சொல்ல நமக்கு வகையில்லை!

2025 மே மாதத்தில் அஞ்சல் துறை டிஜிபின் என்ற குறியீட்டை வெளியிட்டது. நாட்டை ஏறத்தாழ நான்கு மீட்டர் கட்டங்களாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்து. கட்டத்துக்குச் சாதியில்லை, வரவேற்போம். ஆனால் வலியில் துடிக்கும் பாட்டி பத்து எழுத்தை ஒப்பிப்பாளா? வாய்க்குப் பெயர் வேண்டும்.

2025 ஏப்ரல் 29இல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். அக்டோபரில், சாதிப் பெயர் தாங்கிய குடியிருப்பு, தெரு, சாலை, நீர்நிலை ஆகியவற்றின் பெயர்களை மாற்றும் வழிமுறைகளோடு அரசாணை வந்தது. உடனே எழுந்தது கூக்குரல்: "பட்டா என்னாகும்? பத்திரம் என்னாகும்?" அதே மாதம் கோவையில் ஜி.டி. நாயுடு பெயரில் மேம்பாலம் திறக்கப்பட்டதும், "இது மட்டும் எப்படி?" என்று மடக்கினார்கள். மடக்கத்தக்க கேள்விதான், மழுப்ப வேண்டியதில்லை. வாலை அறுக்கச் சொன்ன இயக்கத்தார் பாலத்திலும் அறுத்திருக்கலாம் என்பதே நம் கருத்து. தியாகராய நகர் என்ற பெயரில் செட்டி இல்லை. அதனால் தியாகராயர் புகழ் குறைந்துவிட்டதா?

பட்டா என்னாகும் என்போர் ஆலங்காயத்தாரைக் கேட்கட்டும். 1989 வரை அவர்கள் வட ஆர்க்காடு மாவட்டத்தார். பிறகு வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டத்தார். தொண்ணூறுகளில் வேலூர் மாவட்டத்தார். 2019 நவம்பர் 28 முதல் திருப்பத்தூர் மாவட்டத்தார். முப்பதாண்டில் மூன்று மாற்றம்! எவர் நிலம் பறிபோயிற்று? எவர் பத்திரம் செல்லாததாயிற்று? மாநிலத்தின் பெயரே 1969 சனவரி 14இல் சென்னை என்பது மாறித் தமிழ்நாடு ஆயிற்றே! மாநிலம் தாங்கிய மாற்றத்தைத் தெரு தாங்காதா?

ஆனால் நம் தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காலனியை அழித்து அவ்விடத்தில் தலைவர் ஒருவரின் பெயரை எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணாதீர்கள். சேரி கறைபட்ட வகையையும் காலனி கறைபட்ட வகையையும் பார்த்தோம். வேலிக்கு அப்பால் உள்ள பகுதிக்கு மட்டும் அம்பேத்கர் நகர் என்று பெயரிட்டு, இப்பால் உள்ள தெருக்களைத் தொடாமல் விட்டால், நாளைக்கு அந்த மாமேதையின் பெயரே "எந்தப் பக்கம்?" என்பதற்கு விடையாகிவிடும். பல ஊர்களில் இப்போதே அப்படித்தான் ஆகிவிட்டது. பெயர் வைக்க வேண்டியது பகுதிக்கன்று, சாலைக்கு. ஊரில் தொடங்கிக் காலனி வழியே செல்லும் சாலை ஒன்றே என்றால், அதற்குப் பெயரும் ஒன்றே. எண் வரிசையும் ஒன்றே. மணியக்காரர் வீடு 12, மாடசாமி வீடு 48. நடுவே வேலிக்கு எண் கிடையாது!

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாட்டுப்புறங்களிலே இதற்கு எளிய கணக்கொன்று வைத்திருக்கிறார்கள். சாலை தொடங்கும் இடத்திலிருந்து அளந்து, பத்து மீட்டருக்கு ஓர் எண். இடப்புறம் ஒற்றைப்படை, வலப்புறம் இரட்டைப்படை. நடுவில் எத்தனை வீடு எழுந்தாலும் எண் காத்திருக்கும். அளப்பதற்கு ஒரு சங்கிலி போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பிற்பகலில் ஓர் ஊரை அளந்துவிடுவார்கள்.

ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது: சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் கூட்டத்திலே, ஊருக்கும் காலனிக்கும் ஒரே சாலைப் பெயர், ஒரே எண் வரிசை என்ற தீர்மானத்தை எழுதிக் கொடுங்கள். எதிர்ப்போர் எழுந்து பேசட்டும். ஏன் எதிர்க்கிறார்கள் என்பதை ஊரறியச் சொல்லட்டும். நிறைவேறினால், மலையடிவாரத்துச் சாலை ஒன்றில் 235ஆம் எண் வீட்டிலிருந்து நள்ளிரவில் அழைப்பு வரும்போது, ஓட்டுநர் தேநீர்க் கடையில் எவரையும் கேட்க வேண்டியிராது. சாலை முனையிலிருந்து இரண்டு கிலோமீட்டர், முந்நூற்றைம்பது மீட்டர், இடப்புறம்.