வீடும் விடுதலும்

மன்னர்தம் அரண்மனைகளை அளந்தெழுதிய வரலாறு, மக்கள் வாழ்ந்த வீடுகளைப் பெரிதும் எழுதாமலே விட்டது. கடலூர் மாவட்டத்தின் கம்மாபுரமும் அதனை அடுத்த நெய்வேலி நகரியமும் அக்குறையை நன்குணர்த்துவன.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1962-இல் அனல்மின் உற்பத்தி தொடங்கிற்று. தமிழகத்து ஆலைகளும் இல்லங்களும் அதனால் பயன்பெற்றன என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயின் இது திறந்தவெளிச் சுரங்கம். நிலத்தடியில் குடைந்து செல்லும் சுரங்கத்தின்மேல் ஊர் நிலைத்திருத்தல் கூடும். இங்கோ மேல்மண் முழுதும் அகற்றப்பட்ட பின்னரே கரி கிட்டும். கரிப்படுகைக்குக் கீழுள்ள நீர் பேரழுத்தத்துடன் மேலெழும் இயல்பினது. அதனை இடையறாது இறைத்தாலன்றிப் பணி நிகழாது. எனவே ஊரின் மண்ணும் நீரும் ஒருங்கே மாற்றமுற்றன.

அகற்றப்பட்டவை வெறும் சுவர்கள் அல்ல. வழிப்போக்கர்க்கும் உரிய திண்ணை, நெற்குதிர் நின்ற கூடம், தொழுவம், பலாவும் முந்திரியும் காய்த்த கொல்லை எனப் பரந்தது வேளாண்குடி வீடு. பங்காளிகள் அடுத்தடுத்து வாழ்ந்த தெருவே உறவுமுறையின் வரைபடமாக விளங்கிற்று. இழப்பீடு சுவருக்கும் மரத்துக்கும் விலை கண்டது. அண்டைமைக்கு விலை காண இயலவில்லை.

நகரியத்து வீடு வேறு வகையினது. எண்ணிட்ட வட்டம், தெரு, கதவெண் என்பனவே அதன் முகவரி. பதவிக்கேற்ப வீடு ஒதுக்கப்பட்டமையால், பல மாவட்டத்தாரும் மொழியினரும் சாதியினரும் அண்டை அயலாராயினர். சாதிவாரியாகத் தெருக்கள் பிரிந்த நாட்டில் இஃது ஒரு பெரும் புதுமை. ஆயினும் ஓய்வுபெற்றதும் வீட்டை ஒப்படைத்தல் வேண்டும். தாம் நட்ட மாவையும் முருங்கையையும் பிறர்க்கு விட்டுச் செல்லுதல் வேண்டும். நகரியத்தினுள் உள்ள முருகன் கோயில் மட்டும் வேலுடையான்பட்டு என்னும் பழம்பெயரைக் காத்து நிற்கிறது.

நிலமிழந்தோரும் பணிநிறைந்தோரும் அயலாராகும் இடமே மந்தாரக்குப்பம், வடலூர் போன்ற புறப்பகுதி. அங்கெழுந்த சொந்த வீடு ஒவ்வொன்றும் முன்னர் விடப்பட்ட ஒரு வீட்டின் மறுபிறப்பு எனலாம். ‘வீடு’ என்னும் சொல் ‘விடு’ என்னும் வினையடியாகப் பிறந்தது என்பர். உறுதிப்பொருள் நான்கனுள் இறுதியாகிய வீடு, விரும்பி விடுதலைக் குறிக்கும். இங்குள்ளோர்க்கு விடுதல் விருப்பின்பாற்பட்டதன்று.

இது முடிந்த கதையுமன்று. 2023 சூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் பரவனாற்று மாற்றுக் கால்வாய் வெட்டப்பட்டபோது எழுந்த கொந்தளிப்பை யாவரும் அறிவர்.

அரசு ஆவணங்கள் புல எண்ணையும் பரப்பையும் காக்கும். எந்தத் திண்ணையில் எவர் கதை சொன்னார், எந்தக் கிணற்று நீர் இனித்தது என்பவற்றை அவை காவா. அவற்றை அறிந்த முதியோர் நம்மிடையே உள்ளபோதே, நம் இலக்கிய வட்டத்தார் ஒவ்வொருவரும் ஒரு வீட்டின் வரலாற்றையேனும் கேட்டெழுதுவாராக. அடுத்த பத்தாண்டுக்கு இதனினும் சிறந்த பணி பிறிதில்லை.