ஈழத்துப் பொப் இசையும் இழந்த அட்டைகளும்

எழுபதுகளில் ஈழத்துப் பொப் இசை வன்னிக் கிராமங்களையும் எட்டியது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ முதலியன வானொலியிற் பரவிப் பின்னர் தொகுப்பு ஒலிநாடாக்களில் ஒன்றுசேர்ந்தன. மின்சாரமற்ற தொண்ணூறுகளில் மிதிவண்டித் தைனமோவைச் சுழற்றிப் பாட்டுக் கேட்டோர் உளர்! 2008இல் இடம்பெயர்ந்த அக்கராயன் மக்கள் பாயையும் பானையையுமே சுமந்தனர். நாடாக்களை யார் சுமப்பார்?

2021இல் ஸ்பொட்டிஃபை சேவை இலங்கைக்கு வந்தபின் அப்பாடல்கள் கைபேசிப் பட்டியல்களாய் மீண்டன. அட்டைகள் மீளவில்லை. இயற்றியவர், வாத்தியம் வாசித்தோர், வெளிவந்த ஆண்டு ஆகிய விவரங்களுக்கு அவ்வட்டைகளே ஆதாரம். ‘சின்ன மாமியே’யை மனோகரனுடையதெனக் கொள்வோர் இன்றுமுளர். அக்கராயனில் எவர் வீட்டிலேனும் அட்டையொன்று எஞ்சியிருப்பின், இவ்விசையின் வரலாற்றை எழுதத் தொடங்கவேண்டிய இடம் அதுவே.