வல்லம் வடகால் வட்டாரத்தில் வெள்ள வரைபடமும் வெள்ளச் சமவெளி மேலாண்மையும்

வல்லம் வடகால் காஞ்சிபுரம் மாவட்டம் திருப்பெரும்புதூர் வட்டத்தில், திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடத்தில் அமைந்துள்ளது. "கால்" என்பது நீர் செல்லும் வழியைக் குறிக்கும் பழைய சொல். எனவே வடகால் என்ற பெயருக்கு வடக்கு வாய்க்கால் என்றும் பொருள் கொள்ளலாம். ஆறோ ஏரியோ பெருகும்போது நீர் பரவும் தாழ்நிலம் வெள்ளச் சமவெளி எனப்படும். அது எதுவரை பரவும் என்பதைக் காட்டுவது வெள்ள வரைபடம்.

ஏரித் தொடர்

இவ்வட்டாரத்தில் வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையைத் தேக்க ஏரிகள் வெட்டப்பட்டன. மேல் ஏரி நிரம்பினால் உபரி நீர் கலங்கல் வழியே கீழ் ஏரிக்குச் செல்லும். பாசனத்துக்கு உதவிய இத்தொடரே வெள்ளத்தின் வேகத்தையும் தணித்தது. இதே மாவட்டத்தின் உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டு (10ஆம் நூற்றாண்டு), குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட 6 பேர் கொண்ட ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகிறது.

பதிவேடுகள்

கரையையும் கால்வாயையும் ஊரார் கூடிச் செப்பனிடும் வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. அது தளர்ந்த நிலையில், 1858இல் ஆங்கில அரசு அதைச் சட்டத்தால் கட்டாயமாக்கியது. 1883இல் சென்னை மாகாணத்தில் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கி, ஏரிகளின் நீர்ப்பிடிப்புப் பரப்பும் கலங்கல் அளவும் பதிவாயின. 1884இல் ரைவ்ஸ் என்பவர் நீர்ப்பிடிப்புப் பரப்பைக் கொண்டு உச்ச வெள்ளத்தை மதிப்பிடும் சூத்திரத்தைத் தந்தார். ஆனால் வயல் இருந்த இடத்தில் காங்கிரீட் தளம் வந்தால் மழைநீர் எவ்வளவு விரைந்து ஓடும் என்பது அச்சூத்திரத்தில் இல்லை. வருவாய்த்துறைக் கணக்கிலுள்ள "ஏரி உள்வாய்", "ஓடைப் புறம்போக்கு", "வாய்க்கால் புறம்போக்கு" ஆகிய வகைகள் நீர் நிற்கும் இடத்தையும் செல்லும் வழியையும் காட்டுகின்றன. அவ்வகையில் அவை பழைய வெள்ள வரைபடங்களே.

தொழிற்பேட்டைகளும் 2015 வெள்ளமும்

1971இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் ஆகிய இடங்களில் தொழிற்பேட்டைகளை அமைத்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. ஊரின் நீர்வழிகளை அறியாத பெருந்திரள் மக்கள் இங்கு குடியேறியுள்ளனர்.

2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய பெருமழையில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கை இதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றது. எனினும் முடிச்சூரும் வரதராஜபுரமும் செம்பரம்பாக்கம் உபரி நீர் அடையாற்றில் கலக்கும் திருநீர்மலைக்கு மேற்புறம் உள்ளவை. அவற்றைச் சூழ்ந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளிலிருந்து பெருகிய நீர். ஒரு பெரிய ஏரியின் மதகை மட்டும் கவனித்தால் போதாது. சிற்றேரிகளின் தொடர் முழுவதும் வரைபடத்தில் இடம்பெற வேண்டும் என்பதை இது உணர்த்தியது.

வரைபடமும் சட்டமும்

2019இல் சென்னைக்கான வெள்ள முன்னெச்சரிக்கை அமைப்பு நடைமுறைக்கு வந்தது. மழையளவு, ஆற்று நீர், கடல் ஏற்றம் ஆகியவற்றைக் கொண்டு எப்பகுதி மூழ்கும் என்பதை அது கணிக்கிறது. 2021இல் தமிழ்நாடு அரசு வெ. திருப்புகழ் தலைமையில் வெள்ளத் தடுப்பு ஆலோசனைக் குழுவை அமைத்தது.

வெள்ளச் சமவெளியை மண்டலங்களாகப் பிரித்துக் கட்டடங்களை ஒழுங்குபடுத்தும் மாதிரிச் சட்ட வரைவை 1975இல் ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர் 1978இல் இதற்குச் சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டின் 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் பொதுப்பணித்துறை ஏரிகளின் ஆக்கிரமிப்புகளை அகற்ற வழி செய்கிறது. ஏரி எல்லைக்கு வெளியே நீர் பரவும் பட்டா நிலம் அச்சட்டத்துள் அடங்காது.

உள்ளூர் மேலாண்மை

ஒவ்வொரு மழைக்காலமும் முடிந்தபின் நீர் ஏறிய உயரத்தைச் சுவரிலோ கம்பத்திலோ குறித்துவைத்தல், கலங்கலையும் வரத்துக் கால்வாயையும் மழைக்கு முன்பே தூர்வாருதல், புறம்போக்கு எல்லைகளைக் கிராம சபையில் படித்துக்காட்டுதல் ஆகியவை சிறு செலவில் செய்யக்கூடியவை. எந்தக் கால்வாய் எங்கே போனது என்பதை முதிய உழவர்கள் அறிவர். அவர்கள் நினைவிலுள்ளது வரைபடத்தில் ஏறி, புதிதாகக் குடிவந்த தொழிலாளர்களுக்கும் எட்டினால், அடுத்த பெருமழையில் அது உயிர் காக்கும்.